கழுவாத முகம்

படத்துக்குக் கலர் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். சொல்கிறவர் நல்லெண்ணத்தில்தான் சொல்வார், பாவம். அவருக்கு என்ன தெரியும்? இருந்தாலும் நான் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் கோபத்தால் நான் கெடுத்துக்கொண்ட காரியங்கள் பல. அதில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் எனக்கு வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். இயந்திரத்தில் நசுங்கி வந்த கொழுந்தைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, ஈரத்துணி போட்டு மூடி வைத்தால், பச்சை கொஞ்சம் கொஞ்சமாக மாறிச் செம்பு நிறத்துக்கு வரும். எந்த நிமிஷத்தில் அதை அள்ளிச் சூட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. ஐந்து நிமிஷம் முந்தினால் தேயிலை பச்சை வாடை அடிக்கும், பிந்தினால் சாரமில்லாமல் போகும். நான் துணியைத் தூக்கி ஒரு பார்வை பார்த்து "அள்ளு" என்றால் அள்ளுவார்கள். நிறம் பார்ப்பதில் இவனை மிஞ்ச ஆளில்லை என்று வெள்ளைக்காரத் துரையே சொல்லியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவனுக்குத் தன் பெண்டாட்டி என்ன நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. இந்த வெட்கக்கேட்டைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

அவள் தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். கல்யாணம் அங்கேயே நடந்தது. என் அம்மா இந்தியாவில், ஊரில் இருந்தார். கப்பலேறி வர உடம்பில் தெம்பில்லை. மருமகளைப் பார்க்காமலே கண்ணை மூடிவிடுவேன் போலிருக்கிறது, ஒரு போட்டோவாவது எடுத்து அனுப்பு என்று யாரையோ பிடித்துக் கடிதம் எழுதிப் போட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இரத்தினபுரிக்குக் கிளம்பினோம்.

அன்று காலை அவள் பீலியில் குளித்துவிட்டு வந்தாள். மலையிலிருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீர் விழுகிற இடம்தான் பீலி. லயத்துப் பெண்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள், எல்லாரும் அங்கேதான் மஞ்சள் உரைத்துப் பூசிக் குளிப்பார்கள். அவளும் தினமும் பூசுவாள். அன்றைக்குப் பூசியது எனக்குப் போதவில்லை.

"இந்தா, இன்னைக்கு மஞ்சளக் கொஞ்சம் தூக்கலாப் பூசு. ஊர்ல அம்மா பாக்குற படம்."

"போதுங்க. இதுக்கு மேல பூசுனா மாரியம்மன் மாதிரி ஆயிரும்" என்று சிரித்தாள்.

"ஆனா ஆவட்டும். பூசுன்னாப் பூசு."

அவள் மறுபடி கல்லில் மஞ்சளை உரைத்தாள். மூன்று விரலால் வழித்து, காதடியிலிருந்து தாடை வரை இழுத்துத் தடவினாள். கண்ணாடி பார்க்கவில்லை. கை தானாகப் போகும் வழி அது. கட்டியிருந்தது ஆகாச நீலத்தில் ஒரு சேலை. நான் என் பங்குக்கு முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் இரவல் வாங்கிய கோட்டை மாட்டிக்கொண்டேன். பஸ்ஸில் புழுதி வந்து ஒட்டாமல் அவள் வழி முழுக்கச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டே வந்தாள்.

படம் பிடிக்கும் கடை ஒரு மாடியில் இருந்தது. கூரையில் பாதி கண்ணாடி. பின்னால் திரைச்சீலையில் ஒரு அரண்மனை, ஒரு குளம், இரண்டு அன்னம். முதலாளி தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் பெரியவர். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, அவளைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். பிறகு கிட்டே வந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, அந்த மூலைல தண்ணி ஈக்கி. மொகத்த நல்லாக் கழுவிட்டு வாங்க" என்றார்.

அவள், சொன்னபடி கேட்கிறவள், உடனே மூலையை நோக்கி நாலடி நடந்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"ஏன் மொதலாளி? எம் பொண்டாட்டி மொகம் என்ன அழுக்கா? குளிச்சிட்டுத்தான வந்திருக்கோம். லயத்து ஆளுன்னா அழுக்காத்தான் இருப்பாங்கன்னு நெனச்சீங்களா?"

"அதுக்கில்ல தம்பி. படத்தில விழுறதுக்கு..."

"படம் எடுக்க வந்திருக்கோம். எடுக்க முடியும்னா எடுங்க. இல்லாட்டி வேற கடை பாத்துக்கிறோம்."

பெரியவர் கேமராப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். கோபக்காரனோடு யார் மல்லுக்கட்டுவார்கள்? அவள் தண்ணீர் வாளிக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்று என்னைப் பார்த்தாள். "வா இங்க" என்றேன். வந்தாள். நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். பெரியவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அவ்வளவுதான் படம்.

மூன்று வாரம் கழித்து நான் மட்டும் போய் வாங்கி வந்தேன். கடையில் பிரித்துப் பார்க்கவில்லை. வீட்டில் வைத்துத்தான் உறையைப் பிரித்தேன். நான் நன்றாகத்தான் விழுந்திருந்தேன், வெள்ளைக்காரத் துரைக்குத் தம்பி மாதிரி. அவள் முகம் கரி பூசியது போல் இருந்தது. கண்ணும் பல்லும்தான் வெள்ளை. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். காதடியில் திட்டுத்திட்டாக என்னவோ. நீலச் சேலையோ வெள்ளையாக விழுந்திருந்தது.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

"கரிச்சட்டி மூஞ்சி. வெள்ளைச் சேலை வேற, தாலியறுத்தவ மாதிரி. இத எப்படி ஊருக்கு அனுப்புறது? எங்கம்மா காறித் துப்பும்."

நீங்கள் சொல்லித்தானே அவ்வளவு மஞ்சள் பூசினேன் என்று சொல்லவில்லை. அந்தப் பெரியவர் கழுவச் சொன்னாரே என்று சொல்லவில்லை. மஞ்சளுக்கும் கருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. "அப்ப அனுப்பாதீங்க" என்றாள். சோற்றை எடுத்து வைத்தாள். நான் படத்தை டிரங்குப் பெட்டிக்கு அடியில் குப்புறப் போட்டேன். வேறு படம் எடுத்து அனுப்பிக்கொள்ளலாம் என்றிருந்தேன். எடுக்கவே இல்லை. அம்மா அவளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அவள் மஞ்சளைக் கூட்டினாள். தான் கருப்பு என்று படமே சொல்லிவிட்டதே. றக்வானைக் கடையிலிருந்து கஸ்தூரி மஞ்சள் வாங்கி வரச் சொன்னாள். வாங்கிக் கொடுத்தேன். காலையில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போதும் மஞ்சள், மாலையில் குளித்துவிட்டு வரும்போதும் மஞ்சள். எங்கள் வீட்டுத் தலையணை உறை, துண்டு, என் சட்டைக் கழுத்து எல்லாம் மஞ்சள். நான் அவளோடு வாழ்ந்தது இரண்டு வருஷமும் கொஞ்சமும். அந்த நாளெல்லாம் நான் பார்த்தது அந்த மஞ்சளைத்தான்.

பெண் குழந்தை பிறந்தது. பிள்ளைக்குப் பதினொரு மாதம் இருக்கும்போது அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஏழாம் நாள் போய்விட்டாள். காய்ச்சலில் கிடந்த நாட்களில் மஞ்சள் பூசியிருக்க மாட்டாள். முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். பார்த்தும் இருப்பேன். ஆனால் ஞாபகத்தில் இல்லை. ஸ்டோரில் கொழுந்து குவிந்துகிடந்த மாதம் அது. இருட்டியபின் வந்து, சிமினி வெளிச்சத்தில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவேன். போன பிறகு, சுமங்கலியாகப் போனவள் என்று பெண்கள் குளிப்பாட்டி, முகம் முழுக்க மஞ்சள் பூசி, பெரிதாகக் குங்குமம் வைத்துப் படுக்கவைத்தார்கள். கடைசியிலும் மஞ்சள்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சில் ஏதாவது வலித்ததா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வலிக்கவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அது மாதிரி இருந்தது. நாலாம் நாள் ஸ்டோருக்குப் போனேன். துணியைத் தூக்கிப் பார்த்தேன். செம்பு நிறம் வந்திருந்தது. "அள்ளு" என்றேன். ஒரு நிமிஷம்கூடத் தப்பவில்லை. கல்நெஞ்சன் என்று லயத்தில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிள்ளையை வளர்க்க என் அக்கா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். புருஷனை இழந்தவர். என் பெண்டாட்டியை அவர் கண்ணால் கண்டதில்லை. பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது ஏதோ துணி தேடப் போய், டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து படத்தை எடுத்துவிட்டார். "பெத்தவ மொகம் புள்ளைக்குத் தெரிய வேணாமா? நீயெல்லாம் ஒரு மனுசனாடா?" என்று திட்டிவிட்டு, கண்ணாடிச் சட்டம் போடவைத்து, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

என் மகள் நல்ல கருப்பு. என்னைப் போல. நான் பவுடர் போடாவிட்டால் அதே நிறம்தான். லயத்துப் பிள்ளைகள் அவளைக் கரிச்சட்டி என்று கூப்பிடும். நான் யாரைச் சொன்னேனோ அந்த வார்த்தை, தேடி வந்து என் பிள்ளை தலையில் உட்கார்ந்தது. ஆனால் அந்தப் படம் மாட்டிய பிறகு அவளுக்கு அது உறைக்காமல் போய்விட்டது. பெட்டி மேல் ஏறி நின்று, தன் கையைக் கண்ணாடியில் அம்மா முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள்.

"பாருங்கப்பா, ஒரே நெறம். நான் அம்மா மாதிரி."

"ம்" என்பேன். வேறென்ன சொல்வது? படத்தில் அப்படித்தானே இருந்தது.

இப்படி மூன்று வருஷம் போனது. பிறகு டீமேக்கர் ஐயா வீட்டுக் கூடத்தில் அவர் மனைவியின் கலர் படம் ஒன்று வந்து தொங்கியது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கலர் என்பது கேமரா கொடுப்பதில்லை. கருப்பு வெள்ளைப் படத்தின் மேலேயே கடைக்காரர் தூரிகையால் சாயம் தீட்டிக் கொடுப்பார். அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

"அந்தம்மா படத்தப் பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. நம்ம வீட்டுல கரிக்கட்டையாத் தொங்குது. ஏன் தம்பி, நெசமாவே அவ இவ்வளவு கருப்பா?"

கருப்பா? இல்லை என்று தோன்றியது. சிவப்பா? அதுவும் இல்லை. கண்ணை மூடினால் மஞ்சள் வந்தது. மஞ்சளுக்குக் கீழே என்ன நிறம் இருந்தது? அவள் வீட்டார் எல்லாரும் இந்தியாவுக்கே திரும்பிப் போய்விட்டிருந்தார்கள். லயத்தில் இரண்டு மூன்று பெண்களிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். ஒருத்தி மாநிறம் என்றாள். ஒருத்தி எலுமிச்சம்பழ நிறம் என்றாள், அது மஞ்சளைப் பார்த்துச் சொன்ன பேச்சு. ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னங்கண்ணே, நீங்க எங்கிட்ட வந்து கேக்குறீங்க?" என்றாள். அதற்கு மேல் நான் யாரிடமும் கேட்கவில்லை.

படத்தைக் கழற்றிக்கொண்டு இரத்தினபுரிக்குப் போனேன். அதே மாடி, அதே அன்னம். பெரியவர் காலமாகிவிட்டார், அவர் மகன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைத் திருப்பிப் பார்த்து, "இது எங்கட வாப்பா எடுத்தது தானே" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"சீலை என்ன கலர்?"

"ஆகாச நீலம்."

"ரவிக்கை?"

"வெள்ளை."

"ஆள் என்ன நெறம், செல்லுங்க."

சொல்லுங்க என்பது அவர் பேச்சில் செல்லுங்க. நான் சுவரைப் பார்த்தேன். கடைச் சுவரில் ஏழெட்டுக் கலர் படங்கள் மாட்டியிருந்தன. ஆணும் பெண்ணும் கிழவரும் பிள்ளையும் எல்லாருக்கும் ஒரே ரோஸ் கன்னம், ஒரே உதடு, ஒரே குடும்பம் மாதிரி.

"செல்லுங்க அண்ணே. மாநெறமா, சிவப்பா?"

"சிவப்பாப் போடுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியாது என்று சொல்ல வெட்கம், அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் உறையைப் பிரித்தபோது நான் எதிர்பார்த்த முகம் ஒன்று இருந்தது. ஊருக்கு அனுப்பத் தகுந்த முகம். அதைத்தான் இப்போது கேட்டு வாங்கினேன். செத்துப்போனவளிடம்கூட என் வீம்பு விடவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது படம் தயாராக இருந்தது. அவர் ஒரு துணியை விலக்கிக் காட்டினார். பாலில் குங்குமப்பூ போட்ட நிறத்தில் ஒரு பெண் நீலச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். உதட்டில் சிவப்பு. நாற்காலியில் நான், அதே ரோஸ் கன்னத்தோடு. எனக்கும் உதட்டில் சிவப்பு தீட்டியிருந்தார், கேட்காமலே.

"எப்பிடி? கஷ்டப்பட்டுப்போனன் அண்ணே. மொகம் முழுக்க மஞ்சள் திட்டு. காதடில மூணு வெரல் தடம் அப்பிடியே விழுந்து கெடந்திச்சி. எல்லாத்துக்கும் வெள்ளச் சாயம் கனமாப் போட்டு மறச்சிட்டன். இப்ப ஒண்டும் தெரியா."

"மஞ்சள் திட்டா? படத்துல ஏது மஞ்சள்?"

"கருப்பாத் தெரிஞ்சதெல்லாம் மஞ்சள் தானே! அந்தக் காலத்தில படம் புடிக்கிற கண்ணாடித் தட்டுக்கு மஞ்சளும் சிவப்பும் புடிபடாது. கருப்பாத்தான் விழும். நீலம் வெள்ளையா விழும். வாப்பா தோட்டத்துப் பொண்ணுக வந்தா மொதல் வேலையா மொகத்தக் கழுவச் செல்லுவாரு. மிச்சப் பேர் கேக்க மாட்டாங்க. மஞ்சளோட வந்து உக்காந்து, படம் கருப்பா விழுந்திச்சி எண்டு அவரோட சண்டைக்கு வருவாங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மூலையைப் பார்த்தேன். அதே இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது.

"அந்தக் கண்ணாடித் தட்டு இருக்கா? இன்னொண்ணு எடுத்துக்கலாமா, பழையபடி?"

"எங்க அண்ணே! வெள்ளத்தில கீழ வச்சிருந்த எல்லாம் போச்சி. இதத் தண்ணி படாமப் பாத்துக்கங்க. நனஞ்சா சாயம் கரஞ்சிரும்."

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காகிதம் விலகியிருந்தது போல. பக்கத்து ஆசனத்தில் இருந்த சிங்களத்து அம்மா எட்டிப் பார்த்து, "ஷா, லஸ்ஸனாய்!" என்றார். அழகாக இருக்கிறதாம். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த அழகுக்குக் கீழே மூன்று விரல் தடம் இருந்தது. பூசுன்னாப் பூசு என்று நான் சொன்னபோது அவள் இழுத்த தடம். பத்து வருஷம் அது கருப்பாக என் வீட்டில் இருந்திருக்கிறது. ஆறேழு வருஷம் பெட்டிக்கு அடியில் குப்புற, மூன்று வருஷம் என் கண்ணுக்கு நேரே சுவரில். நான் அதை அழுக்கு என்று நினைத்தேன். பணம் கொடுத்து அழிக்கவும் செய்துவிட்டேன்.

கருப்பு வெள்ளைப் படம் பொய் சொல்லாது என்று சிலர் சொல்வார்கள். அட போங்கள். மஞ்சளைக் கருப்பு என்கிறது, நீலத்தை வெள்ளை என்கிறது, பவுடர் பூசிய கருப்பனைத் துரை என்கிறது. ஆனால் அதன் பொய்யில் நடந்தது அத்தனையும் இருக்கும், படிக்கத் தெரிந்தவன் படித்துக்கொள்ளலாம். மேலே தீட்டிய கலரில் இருப்பது தீட்டச் சொன்னவனின் ஆசை மட்டும்தான். இது அன்றைக்கு பஸ்ஸில் தோன்றியதில்லை. அன்றைக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

வீட்டில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "மகாலட்சுமிடா தம்பி! கண்ணு பட்டுரும்" என்று நெட்டி முறித்தார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தாள்.

"இது யாரு?"

"ஒங்கம்மாடி."

"அம்மா கருப்பு. என்ன மாதிரி."

"அந்தப் படம் சரியா விழல. ஒங்கம்மா நல்ல சிவப்பு. இப்பத்தான் சரியா இருக்கு" என்றார் அக்கா.

மகள் வழக்கம்போலப் பெட்டி மேல் ஏறினாள். கையைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் அந்தப் பெட்டி மேல் ஏறவில்லை.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? ஒரு வாரம் ஸ்டோருக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா பீலிக்குத் துணி துவைக்கப் போயிருந்தார். நான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, அப்ப நான் யாரு மாதிரி?"

"என்ன மாதிரி" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். ரோஸ் கன்னத்தோடு கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

"நீங்களும் சிவப்பாத்தானே இருக்கீங்க" என்றாள்.

வெற்றிலையைத் துப்பினேன். எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றினேன். பின்பக்கத்து ஆணிகளை நெம்பி, பலகையை எடுத்து, படத்தை உருவி மடியில் வைத்தேன். ஒரு பழந்துணியை நனைத்துப் பிழிந்தேன். காதடியில் வைத்து மெதுவாகத் துடைத்தேன். துணியில் ரோஸ் நிறம் வந்தது, பிறகு சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. அதற்குக் கீழே கருப்பு. மூன்று கோடு, ஒன்றையொன்று ஒட்டி, காதடியிலிருந்து தாடை வரை.

மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"இது என்னப்பா கோடு?"

"ஒங்கம்மா வெரலு. மஞ்சள் பூசுனது. படத்துல மஞ்சள் கருப்பாத்தான் விழுமாம்."

"ஏன் கழுவாம இருந்தாங்க?"

"கழுவத்தான் போனா. நான்தான் வேணாம்னு கூப்பிட்டேன். நான்தான் நெறையப் பூசச் சொன்னேன். கருப்பா விழுந்திருச்சுன்னு நான்தான் திட்டுனேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள்.

"அப்ப அம்மா கருப்பா, சிவப்பா?"

"தெரியலம்மா."

"ஒங்களுக்குமா தெரியாது?"

"எனக்குத்தான் தெரியல."

அவள் என் கையிலிருந்து துணியை வாங்கினாள். படத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, என்னைவிடப் பக்குவமாக, மறு கன்னத்தைத் துடைத்தாள். நெற்றியை, மூக்கை, உதட்டை. கழுத்துக்கு வந்தபோது துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள். கரிச்சட்டி முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. சேலையையும் விடவில்லை, நீலம் முழுக்கக் கரைந்து வெள்ளையானது. அம்மா பக்கம் முடிந்ததும் துணியை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

படம் காய்ந்த பிறகு அதை நானே சுவரில் மாட்டினேன். பார்க்கிறவர்கள் இன்றும் சிரிக்கிறார்கள். கருப்பு வெள்ளையில் ஒரு பெண் நிற்கிறாள், பக்கத்தில் நாற்காலியில் ஒருவன் ரோஸ் கன்னமும் சிவந்த உதடுமாகக் கலரில் உட்கார்ந்திருக்கிறான். என்னையும் துடைத்துவிடு என்று மகளிடம் நான் கேட்கவில்லை. துடைக்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.